கப்டன் திரும்பி வந்த எங்கள் ஊர்ப் படம்

திருகோணமலையில் துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு தியேட்டரில் நான் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்தேன். பெண்கள் வாசலில் நின்று ரிக்கற் கிழிப்பது, படம் முடிந்ததும் கூட்டுவது, கொழும்பிலிருந்து ரயிலில் வரும் படப்பெட்டியைத் திறந்து துடைத்து அடுக்குவது, இந்த மூன்றும் என் வேலை. படிப்பு எனக்கு இரண்டாம் வகுப்போடு சரி. பெயர் எழுதுவேன், எழுத்துக் கூட்டி வாசிப்பேன், இலக்கம் நன்றாகத் தெரியும். நான் கூட்டிய இடத்தில் ஒரு கச்சான் கடலைக் கோது கிடந்ததென்று எவரும் சொன்னதில்லை. அந்தப் பெருமையோடுதான் இதையும் சொல்கிறேன், என் பிழையைப் பற்றிய கதை என்றாலும்.

வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அந்த வருடம்தான் என் புருசனும் செத்துப்போனவர். வெள்ளைக்காரனின் கப்பற்படை துறைமுகத்தை விட்டுப் போய்ச் சில வருடங்கள் கழித்து என்று வைத்துக்கொள்ளுங்கள். மாரிகாலம். காலை ரயிலில் ஒரு இங்கிலிஷ் படம் வந்தது. ஆகாயத்துக்கும் அப்பால் வேறொரு சூரியனிடம் கப்பலில் போகிற கதை. அப்படி ஒரு படம் எங்கள் ஊருக்கு அதற்கு முன் வந்ததில்லை.

அந்தக் காலத்தில் ஒரு படம் ஏழெட்டு றீலாக வரும். ஒவ்வொரு றீலும் தட்டையான வட்டத் தகரப் பேணி ஒன்றுக்குள் இருக்கும். இலக்கம் எழுதிய கடதாசி பேணியின் மூடியில் மட்டும் ஒட்டியிருக்கும். ஒன்று, இரண்டு, மூன்று என்று நான் மெஷின் அறையில் அடுக்கிவிட்டால், ஒப்பரேற்றர் அண்ணை அந்த ஒழுங்கில் எடுத்து ஓட்டுவார். கொழும்பு, கண்டி, யாழ்ப்பாணம் எல்லாம் ஓடித் தேய்ந்த பிறகுதான் படம் எங்களிடம் வரும். றீலின் தலைப்பக்கம் அறுந்துபோய் இருக்கும். அதைப் பார்த்து இலக்கம் கண்டுபிடிக்க ஏலாது. மூடிதான் ஒரே சாட்சி.

அன்றைக்குப் பெட்டி நனைந்து வந்தது. மூடிகளைக் கழற்றிச் சுவரோரம் ஒழுங்காகச் சாத்தி வைத்தேன். ஒவ்வொரு மூடிக்கும் முன்னால் அதனதன் பேணியை வைத்துப் பழஞ்சேலைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தேன். மேலே தகரத்தில் ஒரு ஒழுக்கு. இரண்டு பேணிகளுக்கு மேல் சொட்டுச் சொட்டாக விழத் தொடங்கியது. அந்த இரண்டையும் தூக்கி அந்தப் பக்கம் வைத்தேன். அந்த நேரம் முதலாளி கீழேயிருந்து, "என்ன செய்யுறீர், சனம் வந்து நிக்குது!" என்று சத்தம் போட்டார். இரண்டு பேணியையும் திரும்பத் தூக்கி வைத்து மூடிகளைப் போட்டு அடுக்கிவிட்டு வாசலுக்கு ஓடினேன்.

படம் தொடங்கிற்று. நான் பெண்கள் வாசல் திரைச்சீலைக்குள் நின்று பார்த்தேன். தகரக் கூரையில் மழை கொட்டியது. ஸ்பீக்கரும் கரகரவென்று இருந்தது. இங்கிலிஷ் தெரிந்தவருக்கும் கதை கேட்காது. கண்ணால் பார்த்துத்தான் விளங்க வேண்டும்.

கப்பலில் நாலு பேர். வயதான கப்டன், இரண்டு இளந்தாரிகள், ஒரு பெட்டை. போன இடத்தில் மண் புயல் அடிக்கிறது. கப்பலின் கதவு உள்ளுக்கிருந்து பூட்டுப்படவில்லை. கப்டன் வெளியே இறங்கி நின்று கதவைச் சாத்துகிறார். புயல் அவரை மூடுகிறது. பெட்டை கண்ணாடியில் அடித்து அழுகிறாள். வாசலில் நின்ற நானும் அழுதேன். அடுத்த றீல் ஓடியது. பார்த்தால், கப்டன் மேசையில் இருந்து சிரித்துக்கொண்டு கோப்பையில் குடிக்கிறார்! பெட்டை அவருக்கு ரொட்டி பிட்டுக் கொடுக்கிறாள். மலிவு ரிக்கற்றான கலரியில் இருந்த சனம் எழும்பி நின்று கை தட்டியது. ஆனந்தத்தில் விசில் அடித்தார்கள். கடைசியில் கப்பல் பூமிக்கு வந்து இறங்குகிறது. இளந்தாரிகள் இறங்குகிறார்கள், பெட்டை இறங்குகிறாள், இறங்கியவள் நின்று கப்பலின் கதவைத் திரும்பிப் பார்க்கிறாள். படம் முடிந்தது.

வெளிச்சம் போட்டும் ஒருவரும் எழும்பவில்லை. கப்டன் இன்னும் இறங்கவில்லையே, அவர் இறங்குகிற காட்சி வரும் என்று இருந்தார்கள். நான் விளக்குமாற்றோடு போய், "எழும்புங்கோ, கூட்ட வேணும்," என்று சொல்லித்தான் எழுப்பினேன்.

பின்னேரக் காட்சியில்தான் எனக்கு விளங்கிற்று. புயலில் கப்டனின் இடக் கைச் சட்டை தோளோடு கிழிகிறது. மேசையில் இருக்கும்போது அந்தக் கை முழுசாக இருக்கிறது. தைத்த தடம்கூட இல்லை. அந்தக் கப்பலில் ஊசியும் நூலும் எடுத்தவர் எவரையும் நான் காணவில்லை. கிழிந்த துணியை நான் அறிவேன். அது தானாக ஒட்டாது. ஒழுக்குக்காகத் தூக்கிய இரண்டு பேணியும் ஞாபகம் வந்தது. ஐந்தும் ஆறும் இடம் மாறிவிட்டன. மேசை முன்னுக்கு வர வேண்டியது, புயல் பின்னுக்கு.

உடனே மேலே ஓடிச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. முதற் காரணம் பயம். மூன்று மாத வேலை, முதலாளியின் கோபம் ஊருக்கே தெரியும். இரண்டாவது காரணம், அந்தக் காட்சி முடிந்து வெளியே வந்த ஒரு மனிதர்.

அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், கிண்ணியா முஸ்லிம். அவர்களின் முறையில் எல்லாரும் அவரை நானா, அதாவது அண்ணன், என்போம். படம் என்றால் துறை கடந்து வந்து பார்த்துவிட்டுத்தான் போவார். அவருடைய தம்பி அதற்கு முந்திய மாரியில் தோணியில் போனவர், திரும்பி வரவில்லை. ஆளும் இல்லை, தோணிப் பலகையும் இல்லை. வீட்டில் வயதான தாய், அவருடைய உம்மா. நானா என் வாசலில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "பாத்தீங்களா தங்கச்சி? மண்ணுக்க போனவன் வந்து குந்தி தேத்தண்ணி குடிக்கிறான். நான் உம்மாட்ட போய்ச் சொல்லப் போறன்."

அதற்குப் பிறகு எனக்கு வாய் திறக்க ஏலாமல் போயிற்று. இரண்டு கிழமை, பதினாலு நாளும், அந்தப் படம் ஓடியது. மூதூரிலிருந்தும் இறக்கக்கண்டியிலிருந்தும் சனம் வந்தது. இரண்டு கிழமையும் கப்டன் செத்து வந்து தேத்தண்ணி குடித்தார்.

தியேட்டருக்கு எதிரே ஒரு தேத்தண்ணிக் கடை. படப் பைத்தியங்கள் கூடுகிற இடம் அது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தேவாலயத்தில் பூசை முடிந்ததும் இங்கிலிஷ் படிப்பிக்கிற மாஸ்டர் வெள்ளைக் காற்சட்டையோடு வந்து இருப்பார். நானாவும் வருவார். எங்கள் ஒப்பரேற்றர் அண்ணை அன்புவழிபுரத்திலிருந்து சைக்கிளில் வந்து ஒரு மூலையில் பேசாமல் இருப்பார். நான் வாசலைக் கூட்டிவிட்டு வந்து என் தேத்தண்ணியை வாங்கிக்கொண்டு நின்று கேட்பேன். வேறு படங்கள் நூறு வந்து போயின. அவர்கள் திரும்பத் திரும்ப அந்தப் படத்துக்கே வருவார்கள்.

மாஸ்டர் சொல்லுவார்: "அந்தச் சூரியனுக்குக் கிட்டப் போனால் நேரம் மற்றப் பக்கம் திரும்பும் நானா. அதுதான் விஞ்ஞானம். படமெடுத்தவன் நேரத்த மடிச்சு வைச்சிருக்கிறான்."

"மடிக்கிறதுக்கு நேரமென்ன உடுக்கிற சாரமா மாஸ்டர்?"

"விளங்காட்டி விளங்கேல்ல எண்டு சொல்லுங்கோ."

"எனக்கு விளங்கினது இவ்வளவுதான். அந்தாள் நல்ல மனிசன், வந்துட்டார். இதுக்கு என்னத்துக்கு விஞ்ஞானம்?"

மாஸ்டர் மேசையில் நெருப்புக்குச்சிகளை அடுக்கி நேரம் எப்படி மடிகிறதென்று காட்டுவார். அவ்வளவு படித்த மனிதர் என் பேணிகளுக்கு விளக்கம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்.

சில வருடங்கள் போயின. அந்தப் படத்தின் இரண்டாவது பாகம் வந்தது. முதற் காட்சிக்கே கடைக்காரர்கூடக் கடையைப் பூட்டிவிட்டு வந்தார். மழை இல்லை, ஸ்பீக்கரும் புதிது. அந்தப் பெட்டை இப்போது தலை நரைத்தவள். அந்த இடத்துக்கே திரும்பிப் போகிறாள். மண்ணைத் தோண்டுகிறாள். கப்டனின் தொப்பியும் எலும்பும் கிடக்கின்றன. அவற்றை எடுத்துத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வருகிறாள். படம் முழுக்க இதுதான்.

கலரி கூச்சல் போட்டது. "எங்கட கப்டன எப்ப சாக்காட்டினனீங்கள்?" என்று ஒருவன் திரையைப் பார்த்துக் கேட்டான். நானா பாதியில் எழும்பிப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு கடையில் நெருப்புப் பிடித்த மாதிரித்தான் கதை.

"இது கப்டன வித்துப் பிழைச்ச படம்," என்றார் நானா. "உசிரோட வந்து குந்தின மனிசன்ட எலும்பு அங்க எப்பிடி வந்த?"

"நேரம் மறுபடியும் நேராயிட்டுது நானா. அதுதான் இதில விசேசம். என்னைக் கேட்டால் முதல் படத்தவிட இதுதான் ஆழமான படம்."

"உங்கட வாயில நேரம் படுற பாடு! மடிச்சீங்க, இப்ப நேராக்கிறீங்க."

"அந்த மனிசி எலும்பத் தேடிப் போனாளே, அதில இருக்கிற அன்பைப் பாருங்கோ."

"நீங்க ஒருத்தரையும் கடலுக்குக் குடுக்கல்ல மாஸ்டர். உங்களுக்கு எலும்பு லேசு."

அதோடு கதை அறுந்தது. மாஸ்டர் முகம் வெளிறிப்போய் எழும்பினார். அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஒரே வாங்குப் பலகையில் இருக்கவில்லை. ஒருவர் வந்தால் மற்றவர் போய்விடுவார். இத்தனை வருடச் சிநேகிதம். அதைக் கெடுத்தது என் கை. எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். சொன்னால் வேலை போகும். சொன்னால் நானாவுக்குத் தம்பி இரண்டாந்தரமும் போவார். இந்த இரண்டுக்கும் நடுவில் நான் கூட்டிக்கொண்டு திரிந்தேன்.

மாஸ்டருக்கு மனம் பொறுக்கவில்லை. நானாவோடு சமாதானமாக வேண்டும், அதற்கு முதல் படத்தைச் சரியாக விளங்க வேண்டும் என்று கொழும்பிலிருந்த தன் ஒன்றுவிட்ட தம்பிக்குக் கடிதம் போட்டிருக்கிறார். அவரும் அந்தப் படத்தை அங்கே பார்த்தவர். பதில் வந்தது. ஒரு ஞாயிறு நானா எழும்பிப் போக முன்னம் மாஸ்டர் அவருடைய கையைப் பிடித்து இருத்திவிட்டுக் கடிதத்தை வாசித்தார். முதலாளியும் சுருட்டு வாங்க வந்து நின்றார்.

கடிதத்தில் இருந்தது இதுதான்: கப்டன் புயலில் செத்தார், திரும்பி வரவேயில்லை. மேசையில் இருந்து சாப்பிட்டது புயலுக்கு முன்னம்.

மாஸ்டர் கடிதத்தை மடித்தார். "அப்ப எங்களுக்குத்தான் முன்பின்னாக் காட்டியிருக்கு," என்றார். "என்ர விஞ்ஞானம் முழுக்கப் பொய்."

முதலாளிக்கு முகம் சிவந்தது. மூலையில் இருந்த ஒப்பரேற்றர் அண்ணையிடம் திரும்பினார். "றீல் மாறி ஓட்டினனீரோ? இத்தின நாளும் என்ர தியேட்டரில இப்பிடியோ நடந்தது? நாளைக்கு வேலைக்கு வர வேண்டாம்!"

அண்ணை கோப்பையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அவருக்கு நாலு பிள்ளைகள்.

என் கோப்பையை வாங்கில் வைத்தேன். "அண்ணை இல்லை முதலாளி. நான்," என்றேன். ஒழுக்கு, பேணி, மூடி எல்லாம் நின்ற நிலையில் சொன்னேன். சட்டைக் கையையும் சொன்னேன். "முதல் நாளே எனக்குத் தெரியும். சொல்லேல்ல. அது என்ர பிழை. அவரை நிப்பாட்டாதேங்கோ."

அண்ணை அப்போதுதான் தலையைத் தூக்கினார். "எனக்கும் முதல் நாளே தெரியும்," என்றார்.

"தெரிஞ்சுமா ஓட்டினனீர்?" என்றார் முதலாளி.

"ரெண்டாங் காட்சிக்குப் பேணியை மாத்தத்தான் எடுத்தனான். கலரிச் சனம் படியில இறங்கேக்க அழுதுகொண்டு சிரிச்சுது. அதைப் பாத்திட்டுத் திரும்ப வைச்சிட்டன்." பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "நீயும் வந்து மூண்டு மாதம் பிள்ளை. புருசன் செத்த வீடு. சொல்லியிருந்தால் இவர் அண்டைக்கே உன்னை அனுப்பியிருப்பார்."

அந்த மனிதர் அத்தனை வருடமும் எனக்காக வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார். நான் அவருக்கு ஒரு நாளும் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. மெஷின் அறையில் பீடித் துண்டு போடுகிறார் என்று சண்டைதான் பிடித்திருக்கிறேன். அவர் இப்போது இல்லை. இந்த நன்றியை இங்கேதான் சொல்லி வைக்க முடிகிறது.

முதலாளி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேரையும் நிப்பாட்டினா பின்னேரக் காட்சியை நானே ஓட்டி நானே கூட்டுறதோ?" என்றார். சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு போய்விட்டார். அவருக்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன். கோபக்காரர், ஆனால் அன்றைக்குப் பிறகு அந்தக் கதையை எடுத்ததேயில்லை. அந்தக் கிழமையே ஆள் பிடித்து ஒழுக்கையும் அடைத்தார்.

நானா மட்டும் கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னைப் பாராமல் எழும்பிப் போனார். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. மாஸ்டர் தனியே இருந்து நெருப்புக்குச்சிகளை உருட்டிக்கொண்டிருப்பார். எனக்கு வேலை மட்டும் மிஞ்சியது.

மூன்றாம் கிழமை, வேலை நாளொன்றில், மத்தியானக் காட்சிக்கு முன் நான் படியைக் கழுவிக்கொண்டிருந்தேன். நானா ஒரு தயிர்ச்சட்டியோடு வந்து நின்றார். "தோப்பூர்த் தயிர். பொஞ்சாதிட ஊரால வந்த," என்று சட்டியை வைத்துவிட்டு அங்கேயே நின்றார்.

"நானா, என்னை மன்னிச்சுக்..." என்று தொடங்கினேன்.

"அத உடுங்க. உம்மாட்ட அண்டு போய்ச் சொன்னன் தங்கச்சி, கப்டன் வந்துட்டாரெண்டு. உம்மா மௌத்தாகிற வரைக்கும் வாசல்ல ஒரு விளக்கு வெச்சிருந்தா. அது நல்லமா கெட்டமா எனக்குத் தெரியா." தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். "ஒண்டு செய்யுங்க. அந்தப் படத்தத் திரும்ப எடுப்பிக்கச் சொல்லுங்க முதலாளிட்ட. அவர் செத்த மாதிரி நான் ஒருக்காப் பாக்கணும். ஒழுங்காப் பாக்கணும்."

முதலாளியிடம் நான் கேட்டேன். அவர் ஓம் என்றார். கொழும்புக்கு இங்கிலிஷில் கடிதம் எழுதியது மாஸ்டர். தேய்ந்த பழைய படம், கிடைக்கச் சில மாதம் பிடித்தது. வந்த அன்று நான் ஒரு மூடியைக் கழற்றினால் ஒரு பேணியைத்தான் துடைத்தேன். அதை மூடிய பிறகுதான் அடுத்தது. துடைத்த ஒவ்வொரு பேணியின் அடியிலும் வெண்கட்டிச் சோக்கால் இலக்கம் போட்டேன். அன்று தொடங்கிய பழக்கம், வேலையை விடும்வரைக்கும் எந்தப் படத்துக்கும் அதை நான் விடவில்லை. ஒப்பரேற்றர் அண்ணை வந்து ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, "சரி பிள்ளை," என்றார்.

ஞாயிறு மத்தியானக் காட்சி. நானா கலரியில் இருக்கவில்லை, இரண்டாம் வகுப்பில் மாஸ்டருக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தார். மாஸ்டர்தான் இடம் பிடித்து வைத்திருந்தார். நான் திரைச்சீலையோரம் நின்றேன். படத்தைப் பார்க்கவில்லை, நானாவைத்தான் பார்த்தேன்.

மேசை வந்தது. கப்டன் சிரித்துக் குடித்தார், பெட்டை ரொட்டி பிட்டுக் கொடுத்தாள். நானா முன்னுக்குச் சாய்ந்தார். புயல் வந்தது. சட்டைக் கை கிழிந்தது. கதவு சாத்துப்பட்டது. நானா அசையவில்லை. மாஸ்டர் முகம் துடைக்கிற தன் கைலேஞ்சியை எடுத்து அவர் மடியில் வைத்தார். நானா அதை எடுக்கவுமில்லை, தள்ளவுமில்லை. கப்பல் பூமிக்கு வந்தது. பெட்டை இறங்கி நின்று கதவைத் திரும்பிப் பார்த்தாள். அப்போது நானா, "ஆ," என்றார். தியேட்டர் முழுக்கக் கேட்டது.

வெளிச்சம் போட்டார்கள். பழைய பழக்கம், சனம் எழும்பவில்லை. கனபேர் அந்தக் கதவைப் பார்த்த மாதிரியே இருந்தார்கள். நான் விளக்குமாற்றோடு நடுவழியில் நின்றேன். எழும்புங்கோ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நானா என்னைக் கண்டார். "கூட்டுங்க தங்கச்சி," என்றார். "இனி ஒருத்தரும் இறங்கி வர இல்ல."

நான் கூட்டத் தொடங்கினேன். சனம் ஒவ்வொருவராக எழும்பியது. நானாவும் மாஸ்டரும் மட்டும் எழும்பவில்லை. நான் கிட்டப் போக இருவரும் காலைத் தூக்கிக்கொண்டார்கள். கைலேஞ்சி நானாவின் கையில் இருந்தது.

"அப்ப ரெண்டாவது படந்தான் நல்லதெண்டு இப்ப ஒத்துக்கொள்ளுறீங்களோ?" என்றார் மாஸ்டர்.

"ஆர் சொன்ன? அந்த மனிசி எலும்பத் தேடிப் போனது சரி. ஆனா படம் முதலாவதுதான்."

"எந்த முதலாவது? கொழும்பு முதலாவதோ, எங்கட முதலாவதோ?"

நானா கைலேஞ்சியை நாலாக மடித்தார். "அத ஞாயித்துக்கிழம சொல்றன்," என்றார்.

"இண்டைக்குத்தானே ஞாயிறு?"

"நேரத்த மடியுங்களன் மாஸ்டர்."

அவர்களின் கதிரைக்குக் கீழே கச்சான் கோது நிறையக் கிடந்தது. காலை இறக்காதேங்கோ என்று சொல்லிவிட்டு, அதை ஒன்று விடாமல் கூட்டி எடுத்தேன்.